பனி பெய்த மறுநாள்

(குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



உத்திரமேரூரில் வெயில் மண்டையைப் பிளக்கப்போகிற நேரத்தில் பனிச்சரிவைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வெயில் ஏறுவதால்தான் இந்தப் பேச்சு. பரீட்சை முடிந்ததும் நம் தெருக்களிலிருந்து சில குடும்பங்கள் சிக்கிம், மணாலி என்று கிளம்புகின்றன. பெரியவர்கள் கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து பை தூக்கிக்கொண்டு உத்தராகண்ட் பக்கம் மலை நடைக்குப் போகத் திட்டம் போடுகிறார்கள். ராணுவத்தில் இருந்த காலத்தில் பனிப்பகுதியில் வேலை பார்த்தவன் என்பதால், கிளம்புமுன் நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள்.

போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. போய்வர வேண்டிய இடங்கள்தான் அவை. ஆனால் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொண்டு போங்கள். பனி கொட்டுகிற நாளில் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று யாரும் வெளியே போவதில்லை. கொட்டி ஓய்ந்து, வானம் நீலமாகத் திறந்து, வெயில் பளிச்சென்று அடிக்கிற மறுநாளில்தான் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏரியூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கார்த்திகையில் இரண்டு நாள் அடைமழை. மூன்றாம் நாள் வானம் வெளுக்கிறது. விவரம் தெரியாதவர் ‘மழை விட்டாச்சு’ என்று நிம்மதியாகப் படுப்பார். விவரம் தெரிந்த விவசாயி அன்று ராத்திரிதான் டார்ச் எடுத்துக்கொண்டு கரைக்குப் போவார். மேலே இருக்கிற ஏரிகளின் உபரியும் கால்வாய்த் தண்ணீரும் வந்து சேர்ந்து, ஏரி முழுப் பாரத்தையும் கரைமேல் ஏற்றுவது மழை விட்ட பிறகுதானே? பனிமலையும் அப்படித்தான். மேலே விழுந்த பாரம் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதைத் தாங்குகிற இடம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டிருக்கும்.

பனி எப்படிச் சரிகிறது?

மலைச்சரிவில் கிடக்கும் பனி ஒரே கட்டி அல்ல. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. குளிர்காலம் முழுக்க அடுக்குமேல் அடுக்காக ஏறிக்கொண்டே இருக்கும். சில அடுக்குகள் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சில அடுக்குகள் உப்புக்கல், சர்க்கரை மாதிரிப் பொலபொலவென்று ஒட்டாமல் கிடக்கும். அந்த ஒட்டாத அடுக்கின் மேல் கனமான புதுப் பனி வந்து உட்கார்ந்தால், மேலே உள்ளது முழுவதும் ஒரு பாளம் மாதிரி நிற்கும். ஒரு ஆள் நடந்துபோகும் அழுத்தம் போதும். அடியில் உள்ள அடுக்கு நொறுங்கி, பாளம் மொத்தமும் கழன்று கிளம்பிவிடும்.

பாரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் கனம். அதாவது 900 கன மீட்டர். இறுகிய பனி கன மீட்டருக்கு 300 கிலோ என்று வைத்தால் 270 டன். பத்து டன் லாரியில் 27 லோடு. மலையில் அது ஒரு சின்னச் சரிவு. அதுவே காரின் வேகத்தில் இறங்கிவரும்.

எல்லாச் சரிவும் இப்படி வழுக்காது. மிகவும் செங்குத்தான பாறையில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். சமதரையில் நகராது. 30 பாகை முதல் 45 பாகை வரை சாய்வுள்ள இடங்களில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் தொடங்குகின்றன. 30 பாகை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் உங்கள் வீட்டு மாடிப்படியைப் பாருங்கள். ஏறக்குறைய அந்தச் சாய்வுதான். மாடிப்படி அளவுக்குச் சாய்ந்த பனி மேடு கண்ணில் பட்டால், அது சரியக்கூடிய மேடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குச் சறுக்கி விளையாடத் தோன்றுகிற மேடும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் நிற்கும் இடம் மைதானம்போல் சமமாக இருக்கலாம். மேலே இருக்கிற சரிவு கழன்றால் அது ஓடிவந்து நிற்பது அந்த மைதானத்தில்தான். ஆகவே காலடியைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

ஏப்ரலில் கடிகாரம்தான் எச்சரிக்கை

வடக்கே குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பனி கொண்டுவருவது, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி வரும் மேகக் கூட்டங்கள். மேற்கத்திய இடையூறு என்று வானிலை அறிக்கையில் சொல்வார்கள். இவை மார்ச், ஏப்ரலிலும் வரும். அப்போது சூரியனும் உச்சிக்கு ஏறிவிடுகிறது. நேற்றுப் புதுப் பனி, இன்று கடும் வெயில் என்று இரண்டும் கைகோப்பது இந்த மாதங்களில்தான்.

இரவில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே போனால் பனியின் மேல்பரப்பு கல்லாக இறுகிவிடும். விடியற்காலையில் அதன்மேல் நடந்தால் தரைபோல் தாங்கும். வெயில் ஏற ஏற மேல்பகுதி உருகி, அந்த நீர் அடுக்குகளுக்குள் இறங்கி, பிடிமானத்தைக் கழற்றிவிடும். கிழக்குப் பார்த்த சரிவில் காலையிலேயே வெயில் படும். பிறகு தெற்கு. மேற்குப் பார்த்த சரிவு பிற்பகலில் இளகும். மேகம் மூடி இரவு குளிராமல் போயிருந்தால் பனி இறுகவே இருக்காது; அன்று காலையே ஆபத்துதான்.

இதனால்தான் அனுபவப்பட்டவர்கள் பனியில் நடப்பதை இருட்டோடு தொடங்கி, மதியத்துக்குள் இறங்கிவிடுவார்கள். நம்மவர்கள் செய்வது நேர்மாறு. ஓட்டலில் நிதானமாகக் காலை டிபன், வழியில் போட்டோ, பனிமேட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு.

2023 ஏப்ரல் 4-ஆம் தேதி சிக்கிமில் நடந்தது இதற்கு உதாரணம். கேங்டாக்கிலிருந்து நாதுலா போகும் ஜவஹர்லால் நேரு சாலையில், 15-ஆவது மைல் அருகே, பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்றுப் பிறகு பனிச்சரிவு இறங்கியது. 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்கள் யாரும் மலையேறப் போனவர்கள் அல்ல. காரில் போய்ப் பனியைப் பார்க்க இறங்கியவர்கள். அன்று அனுமதிச் சீட்டு 13-ஆவது மைல் வரைக்கும்தான் கொடுக்கப்பட்டிருந்தது என்று அதிகாரிகள் தெரிவித்தார்கள். இரண்டு மைல்தான் வித்தியாசம். ‘இன்னும் கொஞ்சம் மேலே போனா நல்ல பனி இருக்கும் சார்’ என்று டிரைவர் சொல்வார். வண்டியில் இருக்கும் பிள்ளைகளும் ‘போலாம்ப்பா’ என்பார்கள். அப்போது இந்த இரண்டு மைலை நினைத்துக்கொள்ளுங்கள்.

பனியே பேசும் சில அடையாளங்களும் உண்டு. சரிவில் பனி உருண்டைகள் தானாக உருண்டு வருவது. காலையில் தாங்கிய பனியில் இப்போது முழங்கால் வரை கால் புதைவது. கால் வைத்ததும் அடியில் ‘தொம்’ என்று அமுங்கும் சத்தம். பாதத்திலிருந்து பனியில் விரிசல் ஓடுவது. பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம். இதில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கு அந்தச் சரிவு வேண்டாம். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

புதைந்தவருக்கு நேரம் எவ்வளவு?

சரிந்து ஓடும்போது மாவுபோல் இருக்கும் பனி, நின்றவுடன் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். உள்ளே இருப்பவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. குளிரைவிட மூச்சுத் திணறல்தான் முதலில் கொல்கிறது. போன் செய்து, மீட்புக் குழு கிளம்பி, மலையேறி வருவதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்பவர்கள் மட்டுமே காப்பாற்ற முடியும்.

அதனால்தான் பனிமலை நடைக்குப் போகும் குழுவில் ஒவ்வொருவர் உடம்பிலும் சிக்னல் அனுப்பும் பீக்கன் கருவி, பையில் நீளக் குத்துக்கோல், மண்வெட்டி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒருவரிடம் மட்டும் இருந்து பயனில்லை. பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், பணம் கட்டுமுன் அந்த நிறுவனத்திடம் இதைக் கேளுங்கள். சந்தேகமான சரிவைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் கூட்டமாகப் போகாமல் ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று, கடப்பவர் மேலேயே கண்ணை வைத்திருக்க வேண்டும். ஒருவர் மூடப்பட்டால், கடைசியாக அவரைப் பார்த்த இடத்தை அடையாளம் வைத்து, அதிலிருந்து கீழ்நோக்கித் தேட வேண்டும்.

இங்கே சியாச்சினைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி, சோனம் காவல் முகாமின் மேல் பனிச்சுவர் சரிந்தது. 19-ஆவது மெட்ராஸ் படைப்பிரிவினர் அங்கே பணியில் இருந்தார்கள். பத்து வீரர்கள் புதைந்தார்கள். அவர்களில் நான்கு பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஆறாவது நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டார். நாடே பிரார்த்தனை செய்தது. பிப்ரவரி 11-ஆம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். ஆறு நாள் உயிரோடு இருந்தாரே என்று யாராவது சொன்னால், அவரோடு இருந்த ஒன்பது பேரையும் நினைத்துப் பாருங்கள். அவர்கள் கடமைக்காக அங்கே இருந்தவர்கள். வெயில் ஏறிவிட்டது, கிளம்பலாம் என்று சொல்லும் வசதி அவர்களுக்கு இல்லை. நமக்கு இருக்கிறது.

2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு அப்பால் மாணா கிராமத்தருகே, எல்லைச் சாலை அமைப்பின் முகாம்மேல் பனி சரிந்து, அங்கிருந்த 54 தொழிலாளர்களில் 8 பேர் இறந்தார்கள். அதே பத்ரிநாத்துக்குத்தான் சில மாதம் கழித்து நம் யாத்திரைப் பேருந்துகள் போகின்றன. கோயில் நடை திறந்துவிட்டது என்பதற்காக மலையில் பனி தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கேதார்நாத் பாதையில் ஆரம்ப வாரங்களில் பனியை வெட்டித்தான் வழி செய்கிறார்கள். அங்கே நிறுத்தினால் நில்லுங்கள். கடக்கச் சொல்லும்போது செல்பி எடுக்க நிற்காமல் கடந்துவிடுங்கள்.

வெயிலை நம்பி உடுத்தாதீர்கள்

சரிவு மட்டும்தான் ஆபத்து என்று இல்லை. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் மலைப்பாதையில், கர்நாடகத்திலிருந்து போன 22 பேர் கொண்ட குழு மோசமான வானிலையில் சிக்கியது. 9 பேர் இறந்தார்கள். ஜூன் மாதம்! அவர்களைக் கொன்றது காற்றும் குளிரும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். ஒரு மேகம் மறைத்து, காற்று எழுந்தால், வியர்வையில் நனைந்த உடை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பருத்தி உடை நம் ஊருக்குச் சரி. அங்கே நனைந்தால் காயாது. உள்ளே செயற்கை இழை, நடுவே கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்காகப் போடுங்கள். கூடுதலாக ஒரு ஜோடி சாக்ஸை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடியை அலங்காரம் என்று நினைக்காதீர்கள்; பனியில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணை எரித்துவிடும். மலையில் மேகமும் இடியும் பெரும்பாலும் பிற்பகலில் கூடும் என்பதால், காலையில் போய் மதியம் இறங்குவது என்ற வழக்கம் அதற்கும் நல்லது.

உயரம் இன்னொரு விஷயம். கேங்டாக் சுமார் 1,650 மீட்டர். நாதுலா 4,310 மீட்டர். ஒரே காலையில் அவ்வளவு ஏறினால் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வரலாம். ‘பித்தம், ஒரு எலுமிச்சம்பழம் கடிச்சா சரியாயிடும்’ என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், கீழே இறக்குவதுதான் முக்கியமான வைத்தியம். இருதயக் கோளாறு, ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் கிளம்புமுன் மருத்துவரைப் பாருங்கள்.

நம் மலைகளுக்கும் பருவம் உண்டு

இமயமலைக்கு யார் போகப்போகிறார்கள் என்று இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், மலை நடைக்குப் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் போன இளைஞர்கள் அவர்கள். அங்கே பனி இல்லை, காய்ந்த புல். ஆனால் பாடம் இதேதான். மாசி, பங்குனியில் அந்தச் சரிவு என்ன நிலையில் இருக்கும் என்பது முதல் கேள்வி. அழகாக இருக்குமா என்பது இரண்டாவது. பனி மேலிருந்து கீழே வரும். தீ கீழிருந்து மேலே வரும். மேடு ஏற ஏற அதன் வேகம் கூடும். எனவே வனத்துறை பாதையை மூடினால் அதற்குக் காரணம் இருக்கும்.

முடிவை இங்கேயே எடுங்கள்

நம் ஊரில் எந்தக் கூட்டத்திலும் கல்வெட்டு வராமல் பேச்சு முடியாது. எனக்கும் விலக்கு இல்லை. பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டில் என்ன இருக்கிறது? வாரியத்துக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்ற விதிகள். ஓலை எடுக்கும் நாளில் அவரவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், முன்னதாகவே எழுதி வைத்தார்கள். அன்றைக்கு வந்து ‘இவர் நம்ம ஆள், இந்த ஒரு தடவை’ என்று யாரும் வளைக்க முடியாது.

மலையிலும் அதுதான் காப்பாற்றும். இவ்வளவு செலவு செய்து வந்தோம், விடுமுறை முடிகிறது, பிள்ளைகள் அழுகிறார்கள், அடுத்த வண்டி போகிறதே என்று அங்கே போனபின் ஆயிரம் காரணம் வரும். எனவே திரும்பும் விதியை இங்கேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்வது ஐந்து விதிகள்.

ஒன்று, கடந்த இரண்டு நாளில் கனமான பனி பெய்திருந்தால் செங்குத்துச் சரிவுகளின் அடியில் போவதில்லை. வெயில் அடித்தாலும் சரி.

இரண்டு, பனியில் நடப்பதை மதியத்துக்குள் முடித்துவிடுவது. கிளம்பத் தாமதமானால் அன்றைய நடையை விட்டுவிடுவது.

மூன்று, அனுமதிச் சீட்டில் எழுதிய இடத்துக்கு அப்பால் ஓர் அடியும் வைப்பதில்லை.

நான்கு, குழுவில் யாராவது ஒருவர், அது பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருந்தாலும், ‘எனக்குப் பயமா இருக்கு, திரும்பலாம்’ என்று சொன்னால், கேலி செய்யாமல் எல்லோரும் திரும்புவது.

ஐந்து, எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஓட்டலிலும் ஊரில் ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் போவது.

எச்சரிக்கையை எங்கே பார்ப்பது? சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் டிஜிஆர்இ என்ற ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு முன்னறிவிப்பு தருகிறது. மாநிலப் பேரிடர் மேலாண்மை அலுவலகங்கள் அதை மாவட்டவாரியாக அறிவிக்கின்றன. வானிலைத் துறையின் ‘மௌசம்’ செயலியும், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ செயலியும் போனில் இருக்கட்டும். அவசரத்துக்கு 112. ஆபத்தை ஐந்து நிலையாகப் பிரிப்பது உலக வழக்கம். நான்கு, ஐந்து என்றால் எல்லோரும் வீட்டுக்குள் இருந்துவிடுகிறார்கள். ஐரோப்பிய மலைகளில் அதிகம் பேர் இறப்பது மூன்றாம் நிலை நாட்களில்தான். நடுவில்தானே இருக்கிறது, பரவாயில்லை என்று கிளம்புவதால் வரும் வினை அது. மூன்று என்று கேட்டால் பாதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மலை எங்கும் ஓடிவிடாது. இந்த வருடம் 13-ஆவது மைலோடு திரும்பினால் அடுத்த வருடம் நாதுலா பார்க்கலாம். போகிறவர்கள் பெயரையும் திரும்பும் தேதியையும் சங்கச் செயலாளரிடம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். திரும்பி வந்ததும் அந்தப் பெயரை அடிக்கிற வேலை அவருடையது. ஒன்றுகூட அடிக்கப்படாமல் நிற்கக் கூடாது.